ஆதிரைக்கு நான் வைத்த சேனை

ஜூன் 3, செவ்வாய்

தமயந்தி காலை ஆறு மணி பஸ்ஸுக்கு மதுரை போனாள். போகிறவள் பிள்ளையை என் கையில் கொடுக்கவில்லை. பாயில் உட்கார வைத்துவிட்டு, "பாத்துக்கிடுங்க மதினி" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

அவளுக்கு வேறு வழியில்லை. அவள் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். வியாழக்கிழமை ஆபரேஷன். என் தம்பி முத்துராசா கப்பலில் இருக்கிறான், இந்த மாதம் முழுக்கத் தொலைபேசி எட்டாது. அவள் சித்தி இப்போது வெளிநாட்டில் மகன் வீட்டில். ஒன்றேகால் வயசுப் பிள்ளையை ஆஸ்பத்திரி வார்டில் வைத்துக்கொள்ள முடியாது. கடைசியில் புருஷன் விட்டுப்போன நாத்தனார் வீட்டுக் கதவைத்தான் தட்ட வேண்டி வந்தது. அந்தச் சத்தத்தைப் படுத்தபடியே இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் எழுந்து போய்த் திறந்தேன்.

எடை மேடையில் பத்து நாள் லீவு சொல்லிவிட்டு அவள் வீட்டுக்கே வந்துவிட்டேன். பதினாறு வருஷமாக லாரிகளுக்கு எடை எழுதுகிறவள் நான். எழுத்தில் இருந்தால்தான் சாட்சி. டிரைவர் எவ்வளவு கத்தினாலும் சீட்டை நீட்டினால் வாயை மூடுவான். அதனால் இந்த நோட்டு. பிள்ளை என்ன தின்றாள், எப்போது தூங்கினாள், எல்லாம் எழுதப்போகிறேன். அவள் திரும்பி வந்து ஒரு குறை சொல்லட்டும், நோட்டை முகத்தில் விட்டெறிவேன்.

குளிர்சாதனப் பெட்டிமேல் ஒரு தாள் ஒட்டியிருக்கிறாள். பதினான்கு கட்டளை. 3: கொதித்து ஆறிய தண்ணீர் மட்டும். 4: சர்க்கரை கூடாது. 9: வெளி ஆட்கள் கையில் பிள்ளையைக் கொடுக்கக் கூடாது. ஒன்பதாவதில் நானும் சேர்த்தியா என்று எழுதவில்லை. எழுத இடம் போதவில்லை போலும்.

பிள்ளை பிறந்த அன்று நடந்ததையும் எழுதிவிடுகிறேன். நோட்டு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

எங்கள் பக்கம் பிறந்த பிள்ளைக்கு முதல் சொட்டுச் சர்க்கரைத் தண்ணீரை நாக்கில் வைப்பதற்குப் பெயர் சேனை. யார் வைக்கிறார்களோ அவர்கள் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். வைக்கக் கூடாது என்று டாக்டர்கள் கத்துவதும் நடக்கிறது, வைப்பதும் நடக்கிறது. ஒரே அத்தை நான். வெள்ளியில் சங்கு வாங்கினேன். அதுதான், பிள்ளைக்குப் பால் புகட்டும் மூக்கு நீண்ட சின்னக் கிண்ணம். அதிலேயே சர்க்கரையைக் கரைத்துக்கொண்டு பிரசவ அறை வாசலில் நின்றேன். உள்ளேயிருந்து தமயந்தி குரல் கேட்டது. "மதினி கை வேண்டாம். அவங்க தொட்டு வச்சா அவங்க வாழ்க்கைல்லா என் பிள்ளைக்கு வந்துரும். சித்தி வைக்கட்டும்."

சித்தி வைத்தாள். நான் சங்கை இருந்தபடியே துணியில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். பஸ்ஸில் பை நனைந்து மடியெல்லாம் பிசுபிசுத்தது. அன்றைக்குச் சுற்றிய துணியை இன்றுவரை பிரிக்கவில்லை. இந்த வீட்டுக்கு வரும்போது அதையும் எடுத்து வந்திருக்கிறேன்.

ஒருநாள் இந்தப் பிள்ளை அவளிடம் போகாமல் என்னிடம் ஒட்டிக்கொள்ள வேண்டும். அதை அவள் நின்று பார்க்க வேண்டும். வேறொன்றும் வேண்டாம் எனக்கு.

ஜூன் 4, புதன்

காலை: இட்லி ஒன்றரை. பத்து மணிக்கு வாழைப்பழம் பாதி. மதியம் பருப்புச் சோறு. ஆதிரை நல்ல பிள்ளை, அவள் அம்மா ஜாடை மூக்கில் மட்டும்தான். என்னை "த்தை" என்கிறாள்.

சாயங்காலம் விளக்கேற்றியபின் வைத்துவிட்டேன். சேனை. யாரும் இல்லை, சாமியும் நானும் அவளும்தான். சங்கை முந்தானையால் துடைத்தேன், சோப்புப் போட்டுத் தேய்த்தால் வெள்ளி கெட்டுவிடும். கொதித்த தண்ணீர் அடுக்களையில் இருந்தது. எழுந்து போனால் பிள்ளை விளக்கைப் பிடித்துவிடுவாள். சாமி படத்துக்கு முன்னால் செம்பில் தண்ணீர் இருந்தது, சாமி தண்ணீர்தானே. சர்க்கரை இரண்டு சிட்டிகை. ஒரு சொட்டு வைத்தேன், நாக்கை நீட்டி இன்னும் கேட்டாள். முழுச் சங்கும் குடித்தாள்.

மூன்றாம் கட்டளையும் நான்காம் கட்டளையும் ஒரே மூச்சில் உடைந்தன. இனி அவள் என் பிள்ளை. என் பிடிவாதம் வரட்டும், என் நாக்கு வரட்டும். தமயந்தி ஆயுசுக்கும் அனுபவிக்கட்டும்.

ஜூன் 5, வியாழன்

ஆபரேஷன் முடிந்ததாம். பிள்ளை ராத்திரிச் சாப்பாட்டை ஒதுக்கினாள்.

ஜூன் 6, வெள்ளி

விடிந்ததிலிருந்து ஐந்து தடவை. தண்ணியாகப் போகிறது, பச்சையும் மஞ்சளுமாக. ரத்தம் இல்லை. ஒருமுறை வாந்தி.

எல்லாம் அந்தச் சிப்பர் டப்பா வேலைதான். மூடியும் குழாயுமாக ஏழு சாமான் கொண்ட ஒரு குவளை, அதில்தான் தண்ணீர் தர வேண்டும் என்று ஐந்தாம் கட்டளை. அழுக்கு எந்தச் சந்தில் இருந்ததோ. பெத்தவளுக்கு ஒரு குவளை கழுவத் தெரியவில்லை, என் கையைக் குறை சொல்ல மட்டும் தெரிந்தது.

எதிர்வீட்டு ரூபாவதி வந்து பார்த்தாள். "பல்லு முளைக்கில்லா, அப்படித்தான் இருக்கும். தண்ணி குடுக்காதீங்கக்கா. குடுக்கக் குடுக்கப் போகும். நாளைக்கும் நிக்கலன்னா தொக்கம் எடுக்கிறவர்ட்ட கூட்டிட்டுப் போவோம்." தொண்டையில் சோறு சிக்கியிருப்பதாகச் சொல்லி ஊதி எடுப்பதுதான் தொக்கம். அதில் எனக்கு நம்பிக்கையில்லை. தண்ணீரை நிறுத்தியது மட்டும் சரியாகப் பட்டது. காலை பூராவும் நாக்கை நீட்டி நீட்டித் தண்ணீர்க் குடத்தைக் காட்டினாள். நான் கொடுக்கவில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும்.

பதினோரு மணிக்குத் தமயந்தி போன். "என்ன மதினி செய்யுதா?"

"தூங்குதா."

"சாப்பிட்டாளா?"

"நல்லா."

வேறென்ன சொல்ல? மூன்று நாளைக்குள் பிள்ளையைக் கிடத்திவிட்டாள் வாழாவெட்டி என்று மதுரை முழுக்கப் பேச வைப்பதற்கா?

பன்னிரண்டு மணிக்குப் பிள்ளை துவண்டது எனக்குப் பிடிக்கவில்லை. தெரு முக்கில் உள்ள சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். நர்ஸ் அருள்செல்வி சின்னப் பெண், வாய் பெரிசு. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டாள். தோல் மெதுவாகப் படிந்தது.

"காலைல இருந்து தண்ணி என்ன குடுத்தீங்க?"

"நிறுத்திட்டேன்."

"யாரு நிறுத்தச் சொன்னா? போறது பூராவும் தண்ணிதான். போன தண்ணியத் திருப்பிக் குடுக்காம பிள்ளைய வாட வச்சிருக்கீங்க. பிள்ளை சாகுறது பேதியில இல்லம்மா, வத்திப்போய்."

அங்கேயே உட்கார வைத்து ஒரு டம்ளர் புகட்ட வைத்தாள். பிள்ளை காய்ந்த மண் மாதிரி இழுத்தது. பிறகு சொல்லிக்கொடுத்தாள். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒன்று, கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர், முழுசாகக் கொட்டிக் கரைக்க வேண்டும், பாதிப் பாதியாகக் கூடாது. ஒருநாள் வைத்திருந்தால் மறுநாள் கீழே ஊற்றிவிட வேண்டும். ஒவ்வொரு தடவை போனபிறகும் கால் டம்ளரிலிருந்து அரை டம்ளர், ஒரு நிமிஷத்துக்கு ஒரு கரண்டி. வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் விட்டு இன்னும் மெதுவாக. சோறு, கஞ்சி, இட்லி எதையும் நிறுத்தக் கூடாது. ஜிங்க் மாத்திரை தினம் ஒன்று, கரண்டித் தண்ணீரில் கரைத்து, பேதி நின்றாலும் பதினாலு நாளும். கண் குழிந்தாலும், அழுகையில் கண்ணீர் வராவிட்டாலும், எட்டு மணி நேரம் மூத்திரம் போகாவிட்டாலும், ரத்தம் தெரிந்தாலும் நேரே பெரிய ஆஸ்பத்திரி.

"புதுசா எதுவும் குடுத்தீங்களா? வெளித் தண்ணி, சர்க்கரைத் தண்ணி?"

"இல்லை" என்றேன்.

வீட்டுக்கு வந்து கரைத்தேன். ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பும் சர்க்கரையும். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு சொட்டுச் சர்க்கரைத் தண்ணீர் தர விடாதவளின் பிள்ளைக்கு ஒரு லிட்டர் சர்க்கரைத் தண்ணீர், என் கையால்!

கரண்டியில் பாதி வழிந்தது. சங்கை எடுத்தேன், மூக்கை வாயோரம் வைத்தால் சிந்தாமல் இறங்கியது. ஒவ்வொரு வாய்க்கும் ஒன்று சொன்னேன். இது "மதினி கை வேண்டாம்" என்றதற்கு. இது வாசலில் நிற்க வைத்ததற்கு. இது சித்தி என்னைப் பார்த்துப் புடவையை ஒதுக்கிக்கொண்டதற்கு. இது பேர் வைக்கிற அன்று காதில் பேர் சொல்ல என்னைக் கூப்பிடாததற்கு. இது ஒன்பதாம் கட்டளைக்கு. சொல்லச் சொல்ல வந்துகொண்டே இருந்தது, எனக்கு மறதி கிடையாது. சாயங்காலம் வரை அரை லிட்டர் உள்ளே போனது.

ஜூன் 7, சனி

நிற்கவில்லை. காலை ஒன்பதுக்குள் ஏழு தடவை. குடித்ததை எல்லாம் வாந்தியாகக் கக்குகிறாள். சொன்னபடிதானே செய்கிறேன்? லிட்டர் லிட்டர்தான், தண்ணீர் கொதித்ததுதான், நேரம் பார்த்துத்தான். சங்கை ஒவ்வொரு தடவையும் தண்ணீரில் அலசித்தான் வைக்கிறேன்.

பத்து மணி: அழுதாள், கண்ணீர் வரவில்லை.

பத்தரை: விடிந்ததிலிருந்து மூத்திரம் இல்லை என்று அப்போதுதான் உறைத்தது.

ஆஸ்பத்திரியில் சேர்த்தால் தமயந்திக்குச் சொல்ல வேண்டும். அவள் வந்து பார்ப்பாள். "சொன்னேன்ல" என்று ஒரு பார்வை பார்ப்பாள். அதை நினைத்துக் கால் மணி நேரம் கதவுக்கும் கட்டிலுக்கும் நடந்தேன். பிள்ளை என்னைப் பார்க்கவில்லை, விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் இரண்டும் உள்ளே போயிருந்தன. சங்கு, துணி, பாக்கெட் எல்லாவற்றையும் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினேன். அந்தக் கால் மணி நேரம் என் கணக்கில்தான்.

சின்னக் கையில் ஊசி ஏற்றினார்கள். மூன்று பேர் பிடித்தோம். வார்டு நர்ஸ் வயசானவள், சத்தமில்லாதவள். பையைப் பார்த்து, "எதுலம்மா புகட்டுனீங்க?" என்றாள். சங்கை எடுத்துக் கொடுத்தேன், வெள்ளி என்ற கர்வத்தோடு. அவள் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து மூக்குப் பக்கம் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தாள். பஞ்சுக் குச்சியை உள்ளே விட்டுச் சுழற்றி இழுத்தாள்.

கறுப்பாக வந்தது, பாகு மாதிரி. இன்னொரு குச்சி விட்டாள். அதில் எறும்புக் கால்கள் ஒட்டியிருந்தன.

"எத்தன நாளாம்மா இதக் கழுவல?"

ஒன்றேகால் வருஷம். நான் சொல்லவில்லை. பிள்ளை பிறந்த அன்று கரைத்த சர்க்கரை.

அப்புறம் தமயந்திக்குப் போன் செய்தேன்.

ஜூன் 8, ஞாயிறு

எவர்சில்வர் கரண்டி, கொதிநீரில் போட்டு எடுத்தது. ஒரு நிமிஷத்துக்கு ஒரு கரண்டி. இன்று ஒவ்வொரு வாய்க்கும் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. வாயைத் திற, கண்ணு, என்று மட்டும் சொன்னேன்.

காலை 7.40: மூத்திரம் போனாள். என் மடியில்தான். வெதுவெதுப்பாகப் பரவியது. நான் எழுந்திருக்கவில்லை. சாமி கும்பிட்டேன் என்று எழுதினால் பொய், எனக்கு அப்போது யார் நினைவும் வரவில்லை. அழுதேன்.

எட்டு மணிக்குத் தமயந்தி வந்தாள். பெட்டியைக் கீழே போட்டாள். பிள்ளையின் கையில் ஊசியைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து என்னிடமிருந்து கரண்டியை வாங்கி நீட்டினாள். ஆதிரை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுபடி நீட்டினாள். பிள்ளை என் புடவையைப் பிடித்துக்கொண்டு "த்தை" என்றது. கரண்டி என் கைக்கு வந்ததும் வாயைத் திறந்தது.

நான் கேட்டது அப்படியே நடந்தது. அவள் நின்று பார்த்தாள்.

"மதினி," என்றாள். "அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது மதினி. நீங்கதான் தொட்டு வச்சிருக்கணும். உங்க கைதான் இவளக் காப்பாத்திருக்கு."

ஒன்றேகால் வருஷம் காத்திருந்த வார்த்தை. பையைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

ஜூன் 9, திங்கள்

வீட்டுக்கு அனுப்பினார்கள். நேற்று மூன்று தடவை, இன்று ஒரு தடவை. கொஞ்சம் கெட்டியாக. கஞ்சி குடித்தாள்.

ஜூன் 10, செவ்வாய்

தமயந்தி தெருவில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். ரூபாவதி வந்து, "ஒங்க நாத்தனாக்கு தங்கக் கை" என்றாள். சித்தியிடம் போனில் கத்தியது எனக்குக் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை நாலு பேரைக் கூப்பிட்டு, அவர்கள் முன்னால் நான் ஒரு சொட்டுச் சேனை தொட்டு வைக்க வேண்டுமாம். சித்தி வீடியோவில் பார்க்க வேண்டுமாம்.

"அன்னிக்கு ஒரு வெள்ளிச் சங்கு வச்சிருந்தீங்களே மதினி. அதுலயே வைங்க."

"எங்க வச்சேன்னு தேடணும்" என்றேன்.

பழி தீர்ந்துவிட்டது. நானே போட்டிருந்தாலும் இவ்வளவு நல்ல திட்டம் போட்டிருக்க மாட்டேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், ஆயுசுக்கும் எனக்குக் கும்பிடு.

ஜூன் 11, புதன்

டாக்டர் அவளிடம் தண்ணீரோ பாத்திரமோ சுத்தமில்லை என்று சொன்னாராம். காலையில் சிப்பர் டப்பாவை ஏழு சாமானாகக் கழற்றி வைத்துக்கொண்டு அடுக்களைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொன்றாக முகர்ந்து பார்க்கிறாள். பிறகு அத்தனையையும் குப்பையில் போட்டாள்.

அழட்டும் என்று இருந்தேன். நிஜமாகவே அப்படித்தான் இருந்தேன். காப்பி கூடப் போட்டுக் குடித்தேன்.

மதியம் மாத்திரை கரைத்து அவளிடம் கரண்டியை நீட்டினேன். அவள் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள். "நீங்களே குடுங்க மதினி. என் கை சரியில்ல."

அந்த வார்த்தையை நான் பதினைந்து மாதம் தினம் மென்று துப்பியிருக்கிறேன். அது வேறொருத்தி வாயில் வரும், தன்னைப் பற்றியே வரும், அதுவும் இவள் வாயில் வரும் என்று நினைக்கவில்லை. மாத்திரையைக் கொடுத்து முடித்தேன். பிள்ளை கடைசிச் சொட்டைத் துப்பினாள், துடைத்துவிட்டேன்.

சங்கை வெந்நீரில் போட்டு, குச்சியில் பஞ்சு சுற்றி, வெளுப்பாக வரும்வரை தேய்த்தேன். ஒரு மணி நேரம் ஆனது. சங்கையும் இந்த நோட்டையும் அவள் தலையணைமேல் வைத்துவிட்டு என் வீட்டுக்குக் கிளம்புகிறேன். அவள் முகத்தில் விட்டெறிய எழுதிய நோட்டு இது. படிக்கட்டும்.

ஜூன் 13, வெள்ளி

நேற்று எழுத நோட்டு என்னிடம் இல்லை.

இன்று காலை எடை மேடைக்கு வந்தாள், பிள்ளை இடுப்பில். மேடையில் ஜல்லி லாரி நின்றது. டிரைவர் எடை தப்பு என்று கத்திக்கொண்டிருந்தான். அவன் போகும்வரை ஓரமாக நின்றாள். அப்புறம் நோட்டை மேசைமேல் வைத்தாள்.

"படிச்சேன்."

நான் சீட்டுக் கட்டை அடுக்கினேன்.

"சாமி செம்புத் தண்ணி எத்தன நாள் தண்ணி தெரியுமா மதினி? நான் ஊத்தி அன்னிக்கே மூணு வாரம்." குரலை உயர்த்தவில்லை. "காலைல பூரா குடத்தக் காட்டியிருக்கா. போன்ல நல்லா தூங்குதான்னு சொன்னீங்க."

"ஆமா."

"மன்னிக்க மாட்டேன்."

"நானும் மன்னிக்கல" என்றேன். அது நிஜம். அந்தப் பிரசவ அறை வாசல் இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது.

ஆதிரை என் பக்கம் கையை நீட்டினாள். தமயந்தி தரவில்லை.

"மாத்திரை பத்தொம்பதாம் தேதி வரைக்கும் இருக்கு," என்றாள். "எங்கிட்ட துப்புதா. தினம் காலைல எட்டு மணிக்கு வந்து குடுத்துட்டுப் போங்க. ஞாயித்துக்கிழமை யாரும் வரல, நான் வேண்டாம்னுட்டேன்."

ஜூன் 15, ஞாயிறு

எட்டு மணிக்குப் போனேன். பத்தாவது மாத்திரை. சங்கைக் கண்ணாடி அலமாரியில் வைத்திருக்கிறாள், தம்பி வாங்கி வந்த பொம்மைக் கப்பலுக்குப் பக்கத்தில். எனக்கென்று ஒரு நாற்காலி போட்டிருக்கிறாள், நேர் எதிரே. அதில் உட்கார்ந்து பிள்ளையை மடியில் வைத்தால் வேறெங்கும் பார்க்க முடியாது. பழி வாங்கத் தெரிந்தவள்தான். என் தம்பி நல்ல இடத்தில்தான் பெண் எடுத்திருக்கிறான்.

ஜூன் 19, வியாழன்

கடைசி மாத்திரை. பிள்ளைக்குக் கன்னத்தில் சதை திரும்பிவிட்டது. நேற்று என் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தாள், ரத்தம் வந்தது.

கரண்டியைக் கழுவி வைத்துவிட்டுச் செருப்பைப் போட்டேன். இனி வருவதற்குக் காரணம் இல்லை. தமயந்தி அடுக்களையில் முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள்.

"வாரேன்" என்றேன்.

"நாளைக்கும் எட்டு மணிதான்."

"மாத்திரைதான் முடிஞ்சிட்டே."

"இட்லியும் உங்க கையிலதான் திங்கா. நான் என்ன செய்ய?" வெங்காயம் கண்ணைக் கரித்திருக்க வேண்டும், புறங்கையால் துடைத்துக்கொண்டாள். "போறதுக்கு முன்னால அந்தத் தாளப் பாத்துட்டுப் போங்க."

குளிர்சாதனப் பெட்டிப் பக்கம் போனேன். ஒன்பதாம் கட்டளை அப்படியே இருந்தது, கடைசியில் மட்டும் "அத்தை நீங்கலாக" என்று பொடியாகச் சேர்த்திருந்தாள். அதற்கும் இடம் இருந்திருக்கிறது. பதினான்குக்குக் கீழே புது மையில் பதினைந்து: அத்தை கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் பிள்ளையைத் தொட வேண்டும்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்க் கழுவினேன், முழங்கை வரைக்கும். பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டேன்.